குக்கர்ல விசில் வரல, தண்ணி கொட்டுது, மூடி திறக்கல: என்ன ஆச்சுன்னு பாத்து சரி பண்றது எப்படி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம காலைல எங்க அக்கா பொண்ணு போன் பண்ணா. பாண்டியில வேலை கெடச்சு முத்தியால்பேட்டைல வீடு எடுத்து தனியா இருக்கா, அம்மா வீட்ல இருந்து எடுத்துட்டு போன பழைய அஞ்சு லிட்டர் குக்கர்ல வேர்க்கடலை வேக வெச்சிருக்கா. "சித்தி, இருவது நிமிஷம் ஆச்சு, விசிலும் வரல, ஆவியும் வரல, உள்ள மட்டும் கொதிக்கிற சத்தம் கேக்குது, வெயிட்ட கரண்டியால லேசா தூக்கி பாக்கவா?"ன்னு கேக்குறா. எனக்கு ஈரக்கொலயே நடுங்கிடுச்சு. தொடாத, அடுப்ப அணைச்சுட்டு ஹாலுக்கு வந்துடுன்னு கத்தினேன், நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு அக்கா எட்டி பாத்துட்டாங்க. ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆற விட்டு தொறந்து பாத்தா மூடியில வெயிட்டு உக்கார்ற, ஆவி வெளிய வர்ற அந்த குழாய்ல கடலையோட செவப்பு தோலு சுருண்டு அப்பிட்டு இருந்துச்சு, நகம் அளவு கூட இல்ல.

அவளுக்கு அன்னிக்கு போன்ல சொன்னதையும், அப்புறம் நேர்ல போய் காட்டி குடுத்ததையும் தான் இங்க எழுதுறேன். புதுசா தனியா சமைக்க ஆரம்பிச்ச பசங்க, கல்யாணம் ஆகி போன பொண்ணுங்க, எல்லாருமே குக்கர பாத்தா ஒண்ணு ரொம்ப பயப்படுறாங்க, இல்ல கொஞ்சம் கூட பயமே இல்லாம இருக்காங்க. ரெண்டும் வேணாம். குக்கர் தனக்கு என்ன ஆச்சுன்னு முன்னாடியே சத்தத்துலயும் ஆவியிலயும் சொல்லிடும், அத படிக்க தெரிஞ்சா போதும்.

மொதல்ல ஒரு கணக்கு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நம்ம வீட்டு குக்கர் வெயிட்டு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வந்தா தூக்கி விசில் அடிக்கற மாதிரி தான் பண்ணியிருக்காங்க. மூடி 20 சென்டிமீட்டர் அகலம்னா அதோட பரப்பு 314 சதுர சென்டிமீட்டர், அப்போ மூடிய உள்ள இருந்து தள்ளுறது 300 கிலோவுக்கு மேல. 25 கிலோ அரிசி மூட்ட பன்னெண்டு அடுக்கி வெச்ச பாரம். அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்காம 120 டிகிரி வரைக்கும் போவுது, அதனால தான் பருப்பு சீக்கிரம் வேவுது. பாரம் உள்ள இருக்கறப்ப மூடிய திருகுறது, வெயிட்ட குச்சியால குத்துறது எல்லாம் எவ்ளோ பெரிய வேலன்னு இத நெனச்சு பாத்தா புரியும்.

இன்னொண்ணு, நான் யாருக்கு குக்கர் சொல்லி குடுத்தாலும் மொத மொத சொல்றது இதான்: ஆவிய பாக்காம வெயிட்ட போடாதீங்க. மூடிய போட்டு, வெயிட்டு இல்லாம அடுப்புல ஏத்துங்க, அஞ்சாறு நிமிஷத்துல குழாய்ல இருந்து ஆவி புஸ்ஸுன்னு நேரா கம்பி மாதிரி மேல வரணும், வந்தா குழாய் தொறந்திருக்குன்னு அர்த்தம், அதுக்கப்புறம் வெயிட்ட போடுங்க. ஆவி சோம்பலா வந்தாலோ வராமலே இருந்தாலோ அங்கயே நிறுத்திடுங்க. என் அக்கா பொண்ணு அன்னிக்கு மூடிய போடும்போதே வெயிட்டையும் சேத்து போட்டுட்டா, இத செஞ்சிருந்தா அந்த கடலை தோலு அப்பவே தெரிஞ்சிருக்கும். வெயிட்டு மூடியோடயே இருக்கற மாடல்னா ஏத்துறதுக்கு முன்னாடி மூடிய வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிச்சு குழாய் வழியா பாருங்க, வட்டமா வெளிச்சம் தெரியணும், வாய வெச்சு ஊதினா காத்து தடையில்லாம போவணும். எங்க வீட்ல ஜன்னல் பக்கமா திரும்பி நின்னு தான் தெனமும் பாப்போம், அஞ்சு செகண்டு வேல.

இனிமே ஒவ்வொரு கோளாறா பாப்போம்.

சத்தமே இல்ல, ஆவியும் இல்ல, ஆனா அடுப்பு எரியுது

இது தான் எல்லாத்துலயும் ஆபத்தானது, அதனால மொதல்ல இதையே சொல்றேன். ஏத்தி பத்து பன்னெண்டு நிமிஷம் தாண்டியும் குக்கர் ஊமையா இருந்தா ரெண்டு காரணம் தான், ஒண்ணு குழாய் அடைச்சிருக்கு, இல்ல உள்ள தண்ணியே இல்ல. வெளிய நின்னு பாத்து எதுன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க. அடுப்ப அணைங்க. குக்கருக்கு மேல குனியாம, பக்கவாட்டுல நின்னு கைய நீட்டி நாப்ப திருப்புங்க, அதுக்கும் பயமா இருந்தா சிலிண்டர் ரெகுலேட்டர்லயே ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்துடுங்க. கொழந்தைங்கள அந்த பக்கமே விடாதீங்க.

இப்ப தான் எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க. பத்து நிமிஷம் கழிச்சு வந்து வெயிட்ட தூக்கி பாப்பாங்க, ஆவி வராது, சரி பிரஷர் இறங்கிடுச்சுன்னு நெனச்சு மூடிய திருகுவாங்க. குழாய் அடைச்சிருந்தா வெயிட்ட தூக்கினாலும் ஆவி வராது, உள்ள அந்த 300 கிலோ அப்படியே தான் இருக்கும். நல்லா இருக்கற குக்கர்ல வெயிட்ட தூக்கி பாக்கறது சரியான சோதனை, அடைச்ச குக்கர்ல அது பொய் சொல்லும். அதனால இந்த ஒரு கேஸ்ல மட்டும் நேரம் தான் மருந்து. தண்ணி தெளிக்க வேணாம், தூக்கி சிங்க்குல வைக்க வேணாம், இருந்த எடத்துலயே ஒரு மணி நேரத்துக்கு மேல விடுங்க, பக்கத்துல கைய வெச்சா ஜில்லுனு இருக்கணும், மூடி கைப்பிடி தானா லூசா நகரணும். நகரலன்னா இன்னும் விடுங்க.

தொறந்ததும் குழாய சுத்தம் பண்ண ஈர்க்குச்சி தான் சரி, தென்னந்தொடப்பத்துல ஒரு குச்சி உருவி கழுவி உள்ள விட்டு ரெண்டு பக்கமும் தள்ளி எடுங்க, ஊசி கம்பின்னு போனா உள்ள கீறல் விழுந்து அடுத்த வாட்டி அங்கயே ஒட்டும். வேர்க்கடலை, பச்சப்பயறு, காராமணி, பண்ருட்டி பக்கத்துல இருந்து நம்ம ஊருக்கு வர்ற பலாக்கொட்டை, இதெல்லாம் தோல் விடுற சாமான், வெயிட்டு போடாம மொதல்ல ஒரு கொதி விட்டு மேல மெதக்கற தோல கரண்டியால வாரி எடுத்துட்டு அப்புறம் மூடுங்க. அவளுக்கு நான் சொன்னது, கடலைய குக்கர்ல வேக வைக்காத, தொறந்த பாத்திரத்துல உப்பு போட்டு வேக வை, கூட ஒரு அரை மணி நேரம் ஆனா ஆவட்டும்.

விசில் வரல, மூடி ஓரத்துல ஆவி போவுது

இது பயப்பட வேண்டியது இல்ல, கேஸ்கட் விஷயம், அதாவது மூடிய சுத்தி உள்ள இருக்கற ரப்பர் வளையம். அணைச்சு, ஆற விட்டு, தொறந்து கேஸ்கட்ட எடுத்து பாருங்க. மடிச்சா வெடிப்பு தெரியுதா, கல்லு மாதிரி இறுகிடுச்சா, இல்ல நீண்டு போய் மூடியில உக்காராம தொங்குதா, மூணுல எதுவா இருந்தாலும் புதுசு மாத்தணும். ஃப்ரீசர்ல பத்து நிமிஷம் வெச்சா இறுகும்னு ஒரு வழி சுத்திட்டு இருக்கு, ஒரு வேளைக்கு ஓடலாம், அதயே நம்பி மாசக்கணக்கா ஓட்டாதீங்க. ஓரத்துல கோதுமை மாவ பெசஞ்சு அடைக்கறவங்களயும் பாத்திருக்கேன், அது வேணவே வேணாம், ஆவி தப்பிக்கற வழிய நாமளே அடைக்க கூடாது. தெனமும் ஓட்டுற குக்கர்னா வருஷத்துக்கு ஒரு கேஸ்கட்டுன்னு நான் மாத்திடுவேன், பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றப்ப அதையும் சேத்து.

கேஸ்கட் புதுசா இருந்தும் ஒரே எடத்துல ஆவி போவுதுன்னா குக்கரோட வாய் விளிம்ப விரலால தடவி பாருங்க. நாம சாம்பார கிண்டிட்டு கரண்டிய டங்கு டங்குனு குக்கர் விளிம்புல தட்டுவோம்ல, அதுல சின்ன சின்னதா பள்ளம் விழுந்து இருக்கும், கண்ணுக்கு தெரியாது, விரலுக்கு தெரியும். அதுக்கு வீட்ல வைத்தியம் இல்ல, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு தான் எடுத்துட்டு போவணும். கரண்டிய உள்ளங்கைல தட்டி பழகுங்க.

வாங்கும்போது உங்க குக்கர் கம்பெனியோட கேஸ்கட்டு, அதே லிட்டர், அதே மாடல் தான் வாங்கணும். பழசையும் கையோட எடுத்துட்டு போங்க. ரோட்டோரத்துல கம்மி விலைல கெடைக்குதேன்னு வாங்கினா ரெண்டு மாசத்துல கொழ கொழன்னு ஆயிடும். வெயிட்டுக்கும் இது தான். வெயிட்டு தொலைஞ்சு போச்சுன்னு வேற கம்பெனி வெயிட்ட மாட்டறவங்க நெறைய பேர், ஆனா எத்தன அழுத்தத்துல ஆவிய விடணும்னு முடிவு பண்றதே அந்த வெயிட்டோட கனம் தான், அது மாறினா கணக்கே மாறிடும்.

விசிலோட கஞ்சி தண்ணி பீச்சி அடிக்குது

அடுப்பு, செவுரு, டைல்ஸ் எல்லாம் மஞ்சளா ஆவுறது இதுல தான். மூணுல ரெண்டு பங்குக்கு மேல குக்கர ரொப்பக் கூடாது, அது கறி, காய், குழம்புக்கு. அரிசி, பருப்பு மாதிரி நொரை கட்டுறதுக்கு பாதி தான், தண்ணியையும் சேத்து பாதி. அஞ்சு லிட்டர் குக்கர்ல நாலு டம்ளர் அரிசி போட்டு பன்னெண்டு டம்ளர் தண்ணி ஊத்தினா அது எங்க போவும், குழாய் வழியா தான் வரும். பருப்புல ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா நொரை அடங்கும். ஆவி வந்து வெயிட்டு போட்டு மொத விசில் வந்ததும் தீய சிம்முக்கு கொண்டு வந்துடுங்க, முழு தீயில வெச்சுட்டு அஞ்சு விசில் எண்றதுல தான் பாதி கஞ்சி வெளிய போவுது.

கஞ்சி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு போறது உண்டு, நாம ஹால்ல டிவி பாத்துட்டு இருப்போம், கேஸ் மட்டும் வந்துட்டே இருக்கும். வாசன வந்தா நாப்பையும் ரெகுலேட்டரையும் மூடி ஜன்னல் கதவ தொறங்க, லைட்டு, ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன் எந்த ஸ்விட்சையும் போடாதீங்க, அணைக்கவும் அணைக்காதீங்க. வெளிய வந்து 1906க்கு போன் பண்ணுங்க, அது கேஸ் கசிவுக்குன்னே இருக்கற அவசர நம்பர்.

சேஃப்டி வால்வ் போயிடுச்சு

நான் ஒம்போதாவது படிக்கறப்ப கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்ல நடந்தது. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போறதுக்கு எல்லாரும் கிளம்பிட்டு இருக்கோம், அம்மா பருப்ப ஏத்திட்டு தலைய பின்னி விட உக்காந்துட்டாங்க, தண்ணி சுண்டி போச்சு போல. டமார்னு ஒரு சத்தம், ஓடி போய் பாத்தா சமையல்கட்டுல கண்ணே தெரியல அவ்ளோ ஆவி, அடங்கினதும் பாத்தா மேல தளத்துல ஒரு மொறம் அளவுக்கு மஞ்சளா பருப்பு ஒட்டிட்டு இருக்கு. சுண்ணாம்பு அடிச்சும் அந்த கறை ரெண்டு வருஷம் லேசா தெரிஞ்சுட்டே தான் இருந்துச்சு. அம்மா அடுப்பு கிட்ட நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் வயித்த பெசையும். ஆனா அந்த வால்வ் தான் எங்கள காப்பாத்துச்சு, அது போகலன்னா மூடியே போயிருக்கும்.

நெறைய குக்கர்ல வால்வ் நடுவுல ஈயம் மாதிரி சீக்கிரம் உருகுற ஒரு உலோகம் இருக்கும், சூடு எல்ல தாண்டினா அது உருகி ஆவிக்கு வழி விட்டுடும். ஒரு வாட்டி உருகிட்டா அவ்ளோ தான், அதே கம்பெனி வால்வ் புதுசா வாங்கி மாட்டணும். அதுக்கு பதிலா ஓட்டைய ஸ்க்ரூ போட்டு, பசை வெச்சு, ஈயம் பத்த வெச்சு அடைச்சு குடுக்கறவங்க இருக்காங்க, அந்த குக்கர வீட்டுக்குள்ளயே விடாதீங்க. மாத்தினதோட நிறுத்தாம ஏன் போச்சுன்னும் பாருங்க, தண்ணி பத்தலயா, குழாய் அடைச்சதா. காரணத்த பாக்காம மாத்தினா அடுத்த வாரம் திரும்ப போவும்.

வெயிட்டு வெச்சு ஆவிய விடுற சேஃப்டி வால்வ கண்டுபிடிச்சது தெனி பாப்பென்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1679ல லண்டன்ல குக்கரோட மொத வடிவத்த செஞ்சு காட்டினாரு, எலும்பயே மெத்துனு வேக வைக்கற எந்திரம்னு. பாண்டியில பிரெஞ்சுக்காரங்க குடியேறினது 1674, கிட்டத்தட்ட அதே காலம். அழுத்தம் ஏறுனா வெளிய போக ஒரு வழி வேணும்னு அவருக்கே தோணியிருக்கு.

மூடி திறக்க மாட்டேங்குது

ரெண்டு மாதிரி இருக்கு. அணைச்சு கொஞ்ச நேரம் தான் ஆச்சு, சூடா இருக்குன்னா உள்ள பிரஷர் இருக்கு, பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டா தானா இறங்கும், அவசரம்னா மூடி ஓரத்துல மட்டும் தண்ணி ஊத்தலாம், குழாய் மேலயும் வால்வ் மேலயும் படக் கூடாது. அரிசி பருப்புக்கு இதுவும் வேணாம், திடீர்னு ஆறினா உள்ள நொரை பொங்கி மேல ஏறி குழாய்ல அப்பிக்கும்.

ராத்திரி சமைச்சு வெச்சுட்டு காலைல தொறக்கறப்ப ஒட்டிட்டு இருந்தா அது வேற. உள்ள இருந்த ஆவி குளுந்து தண்ணியா மாறி, உள்ள வெற்றிடம் ஆயி மூடிய இழுத்து பிடிச்சிட்டு இருக்கு. வெயிட்ட எடுத்தா ஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேக்கும், அப்புறம் மூடி சுலபமா வந்துடும். அப்பவும் வரலன்னா வெயிட்டு இல்லாம சிம்ல ரெண்டு நிமிஷம் சூடு காட்டுங்க. சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பறது வேணாம்.

பருப்பு வேகல, சாதம் கொழையுது

இது பாதுகாப்பு விஷயம் இல்லன்னாலும் இதனால தான் எல்லாரும் விசில கூட்டிட்டே போறாங்க, தண்ணி சுண்டுது. விசில் கடிகாரம் இல்லங்க. தீ பெருசா இருந்தா அஞ்சு நிமிஷத்துல நாலு விசில் வரும், சிம்ல வெச்சா அதே நேரத்துல ஒண்ணு கூட வராது, ஆனா உள்ள சூடு கிட்டத்தட்ட ஒண்ணு தான். மொத விசிலுக்கு அப்புறம் சிம்ல வெச்சு நிமிஷத்த எண்ணுங்க. அரை மணி நேரம் ஊற வெச்ச தொவரம்பருப்புக்கு ஆறேழு நிமிஷம் எனக்கு சரியா இருக்கு, உங்க அடுப்புக்கு ஒரு நிமிஷம் முன்ன பின்ன பாத்துக்கோங்க.

அப்படியும் பருப்பு கல்லு கல்லா இருந்தா தண்ணிய பாருங்க. நம்ம பக்கம் நெறைய எடத்துல போர் தண்ணி கடினம், அதுல இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் பருப்ப இறுக்கி வேக விடாது. கேன் தண்ணி ஊத்தி ஒரு வாட்டி வேக வெச்சு பாருங்க, வித்தியாசம் ஒடனே தெரியும். புளி, தக்காளி மொதல்லயே போட்டாலும் வேகறது தாமதம் ஆவும், வெந்தப்புறம் போடுங்க. அதே தண்ணியால தான் குழாய் உள்ள வெள்ளையா உப்பு படியுது, மாசம் ஒரு வாட்டி புளித்தண்ணி ஊத்தி வெயிட்டு இல்லாம கொதிக்க விட்டு கழுவினா போயிடும், அலுமினிய குக்கர் உள்ள கருக்கறதும் அதுலயே போவும்.

சாதம் நேரா குக்கர்ல வைக்காம உள்ள பாத்திரத்துல வைக்கறவங்க, அடியில தண்ணி ஊத்த மறக்காதீங்க, கொறஞ்சது ஒரு டம்ளர், நேரம் அதிகம்னா ரெண்டு. இட்லிக்கு வெயிட்டே போடக் கூடாது.

சூடு பட்டுடுச்சுன்னா

ஆவி சுட்டா சிங்க்கு குழாய தொறந்து விட்டு சாதாரண தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க, 20 நிமிஷம்னா நெஜமாவே 20 நிமிஷம். ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், மஞ்ச, எண்ணெய் எதுவும் வேணாம். மோதிரம், வளையல் இருந்தா வீங்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. மொகம், கண்ணு, இல்ல உள்ளங்கைய விட பெருசா பட்டிருந்தா யோசிக்காம 108.

கைப்பிடி ஆடுது, கருகிடுச்சு

2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப கடலூர்ல எங்க தெருவுல கரண்டு வர ரொம்ப நாள் ஆச்சு, கேஸும் தீந்து போச்சு, விழுந்த மரத்த வெட்டி வாசல்ல அடுப்பு மூட்டி அதுல குக்கர ஏத்தினோம். சோறு வெந்துச்சு, ஆனா தீ பக்கவாட்டுல ஏறி கைப்பிடி பொசுங்கி ஸ்க்ரூ லூசாகி, தூக்கும்போது ஒரு பக்கம் சாஞ்சுடுச்சு, நல்ல வேளையா யார் கால் மேலயும் ஊத்தல. வெறகு அடுப்புக்கு சாதாரண பாத்திரம் தான் நல்லது. பெரிய பர்னர்ல சின்ன குக்கர வெச்சாலும் தீ கைப்பிடிக்கு ஏறும், தீ குக்கரோட அடிக்கு வெளிய வரக் கூடாது. கருகின கைப்பிடில வெடிப்பு இருந்தா மாத்துங்க. ரெண்டு கைப்பிடியும் ஒண்ணு மேல ஒண்ணு நேரா உக்காந்தா தான் மூடி முழுசா பூட்டினதா அர்த்தம், ஆடுற கைப்பிடில அது தெரியாது.

புது குக்கர் வாங்குறதா இருந்தா ஐ.எஸ்.ஐ முத்திரையும் அது கிட்டயே ஐ.எஸ். 2347ன்னு நம்பரும் இருக்கான்னு பாருங்க. 2021 பிப்ரவரியில இருந்து அது இல்லாம வீட்டு குக்கர் விக்கவே கூடாது.

கேஸ்கட்டு, வால்வ், கைப்பிடி எத மாத்தினாலும் ஒடனே அரிசிய போட்டுடாதீங்க. மொதல்ல ரெண்டு டம்ளர் வெறும் தண்ணி ஊத்தி மூடுங்க, ஆவி நேரா வருதான்னு பாத்து வெயிட்ட போட்டு ஒரு விசில் விடுங்க, ஓரத்துல எங்கயும் ஒழுகல, வெயிட்டு தானா தூக்கி தானா உக்காருதுன்னா அணைச்சுட்டு, ஆறினதும் அந்த தண்ணிய கொட்டிட்டு சமைக்க ஆரம்பிங்க.